அறுந்துபோகாத கயிறு

ஐப்பசி மழையில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லைனுக்குக் கீழே, பஸ் போகிற ரோட்டில் ஒரு கற்பூர மரம் விழுந்தது. கோத்தகிரிப் பக்கம் இதெல்லாம் செய்தியே கிடையாது. நாலு நாள் சேர்ந்தாற்போல் அடித்தால் எங்காவது ஒரு மரம் சாயும், பால் வண்டி நிற்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அன்றைக்கும் அப்படித்தான். பவர் சா வைத்திருப்பவர் வந்து மரத்தை மூன்று துண்டாக்கிவிட்டுப் போனார். நடுத்துண்டு பெரிது, ரோட்டை அடைத்துக்கொண்டு கிடந்தது. ஜேசிபி வர மதியம் தாண்டும் என்றார்கள். தேயிலைக் கொழுந்து லாரியோ அதற்குள் ஃபேக்டரிக்குப் போயாக வேண்டும். சரி, மேல் லைன்காரர் ஒருவரின் ஜீப்பை வைத்து இழுத்துவிடலாம் என்று முடிவாயிற்று. லாரியில் தார்ப்பாய் கட்டுகிற நைலான் கயிற்றை இரட்டையாக மடித்தார்கள்.

கயிற்றை மரத்தில் கட்டியவன் பக்கத்து லைன் பையன். பதினெட்டு வயது முடிந்திருக்கிறது. போலைன் முடிச்சு போட்டான். முயல் பொந்திலிருந்து வந்து, மரத்தைச் சுற்றி, திரும்பப் பொந்துக்குள் போகிற அந்தக் கதையை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போட்டான். முடித்துவிட்டு, "எப்படிண்ணே?" என்பதுபோல என்னைப் பார்த்தான். நல்ல முடிச்சுதான். கட்டையை இழுக்க டிம்பர் ஹிட்ச் போட்டிருந்தால் இழுக்க இழுக்க இறுகியிருக்கும், ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொல்லி அவன் முகத்தைச் சுருங்கவைக்க மனம் வரவில்லை.

ஜீப் மெல்ல நகர்ந்தது. நனைந்த கயிறு தண்ணீரைப் பிழிந்துகொண்டு விறைத்தது. வேடிக்கை பார்க்கப் பத்துப் பதினைந்து பேர். பாதிப் பேர் கயிற்றின் ஓரமாக, தேர் பார்க்கிற மாதிரி வரிசையாக நிற்கிறார்கள். பையன் மரத்துக்குப் பின்னால், கயிறு வருகிற நேர்க்கோட்டில், இடுப்பில் கைவைத்து நிற்கிறான். எனக்கு என்ன ஆயிற்றோ, கத்திவிட்டேன். கத்தியது தமிழில்கூட இல்லை. "ஹட் ஜாவ்! ஹட் ஜாவ்! லைன் சே ஹட்டோ!" என்று, கயிற்றை விட்டு விலகிப் போ என்று, கப்பலில் கத்துகிற அதே இந்தியில், அதே தொண்டையில்.

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒருவரும் நகரவில்லை. ஜீப் ஒரு உறுமு உறுமியது, மரம் புரண்டு ஓரத்துக்குப் போனது. கயிறு அறுந்துபோகவில்லை. ஒன்றுமே ஆகவில்லை. "கப்பக்காரரு பயந்துட்டாருப்பா" என்று யாரோ சொல்ல, சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போனார்கள். நானும் போனேன். டீ இறங்கவில்லை.

## ஒன்பது முடிச்சு

அந்தப் பையனுக்குக் கப்பலுக்குப் போக வேண்டும். நான் லீவில் வரும்போதெல்லாம் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொள்வான். செல்போனைப் பார்த்தே ஒன்பது முடிச்சு கற்றுக்கொண்டிருக்கிறான். ரீஃப், ஷீட் பெண்ட், குளோவ் ஹிட்ச், ரோலிங் ஹிட்ச் என்று பெயரெல்லாம் சுத்தமாகச் சொல்கிறான். அவன் அம்மா துணி காயப்போடுகிற கொடி இப்போது இரண்டு பக்கமும் ரவுண்ட் டர்ன் அண்ட் டூ ஹாஃப் ஹிட்ச்சில்தான் நிற்கிறது. "கப்பல் வேலைய கத்துக்க எத்தன நாளாகும்ணே?" என்பது அவனுடைய நிரந்தரக் கேள்வி.

ஆறு மாதம் என்று சொல்வேன். அது பொய்யில்லை. பத்தாம் வகுப்பு முடித்தவனுக்கு ஜிபி ரேட்டிங் என்ற அடிப்படைக் கப்பலாளிப் பயிற்சி ஆறு மாதம்தான். தங்கிப் படிக்க வேண்டும். மும்பையில் இருக்கிற கப்பல் துறைத் தலைமை இயக்குநரகம் அங்கீகரித்த நிலையமாக இருக்க வேண்டும். எஸ்டிசிடபிள்யூ என்று 1978இல் வந்த உலக ஒப்பந்தம் ஒன்று உண்டு. எந்த நாட்டுக் கப்பலாளியாக இருந்தாலும் கடலில் உயிர் பிழைப்பது, தீ அணைப்பது, முதலுதவி, தன் பாதுகாப்பும் கூட இருப்பவர் பாதுகாப்பும் என்கிற அடிப்படைப் பாடங்களை முடிக்காமல் ஏற முடியாது. கூடவே கப்பல் பாதுகாப்புக்கு ஒரு பாடம். அப்புறம் சிடிசி என்கிற கப்பலாளிப் புத்தகம். இதையெல்லாம் விடுங்கள், முதலில் போய்க் கண்ணைக் காட்டு என்றுதான் அவனிடம் சொன்னேன். மேல்தளத்தில் வேலை செய்பவனுக்கு நிறம் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் கதை முடிந்தது. இரவில் எதிரே தெரிவது இன்னொரு கப்பலின் சிவப்பு விளக்கா பச்சை விளக்கா என்பதை வைத்துத்தான் அது எந்தப் பக்கமாகப் போகிறது என்றே தெரியும். புள்ளிப் புள்ளியாக எண் எழுதிய அந்த அட்டைகளைக் குன்னூரில் ஒரு கண் மருத்துவரிடம் காட்டிப் படித்துவிட்டான். அந்த விஷயத்தில் நிம்மதி.

பணம் கேட்ட ஏஜென்ட் கதை தனி. என் காலத்தில் ஒருவன் கேட்டான். அம்மாவின் தோட்டையும் ஒரு செயினையும் அடகு வைத்துக் கொடுத்தோம், ஆள் ஆபீஸைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டான். பயிற்சிக்குக் கட்டணம் உண்டு, அது நிலையத்துக்குக் கட்டுவது. வேலைக்கு ஏற்றிவிடுகிறேன் என்று கப்பலாளியிடம் எவனும் காசு வாங்கக் கூடாது. கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்திலேயே அது இருக்கிறது. உரிமம் இருக்கிற கம்பெனியா என்று அரசு இணையதளத்தில் பார்க்கலாம். இதைப் பையனுக்கும் அவன் அப்பாவுக்கும் மூன்று முறை சொல்லியாயிற்று. இங்கே நான்காவது முறை.

ஆறு மாதத்தில் நான் என்ன கற்றுக்கொண்டேன்? நீச்சல். மலைக்காரனுக்கு நீச்சல் எங்கே தெரியும். ஊட்டி ஏரியைப் படகு விடுகிற இடமாகத்தான் பார்த்திருக்கிறேன், அதில் இறங்க நினைத்ததே இல்லை. பயிற்சி நிலையத்துக் குளத்தில் உயிர்காப்பு அங்கியோடு மேலிருந்து குதிக்கச் சொன்னார்கள். ஒரு கையால் மூக்கைப் பிடி, இன்னொரு கையால் அங்கியை அழுத்திப் பிடி, கீழே பார்க்காதே, நேராகப் பார்த்து ஒரு எட்டு எடுத்து வை. நான் கீழே பார்த்தேன். அப்படியே நின்றேன். பின்னால் நின்ற ராமநாதபுரத்துக்காரன் ஒருவன் பொறுமை இழந்து லேசாகத் தொட்டான், நான் போய்விட்டேன். ஏழு குட்டை ஒலி ஒரு நெட்டை ஒலி என்றால் எங்கே ஓட வேண்டும், தண்ணீரில் மூழ்காத அந்த ரப்பர் உடுப்பை இரண்டு நிமிடத்துக்குள் எப்படி மாட்டுவது, குழாயை எப்படிப் பிடிப்பது, வயர் சுருளில் எதைத் தொடக்கூடாது. எல்லாவற்றுக்கும் பரீட்சை வைத்தார்கள். எல்லாவற்றிலும் தேறினேன். முடிச்சில் முதல் ஆள் நான்தான்.

ஏறிய முதல் வாரம் அத்தனையும் போயிற்று. நூற்றுத் தொண்ணூறு மீட்டருக்கு நிலக்கரி, தாது ஏற்றுகிற மொத்தச் சரக்குக் கப்பல். எங்கள் லைன் மாதிரி எட்டு லைனைத் தலைமாட்டுக்குக் கால்மாடாக அடுக்கினால் அந்த நீளம் வரும். இரண்டாம் நாளே வங்காள விரிகுடா ஆட ஆரம்பித்தது. கையில் சிப்பிங் சுத்தி, எதிரே துரு. துருவைத் தட்டு, பிரஷ் போடு, பிரைமர் அடி, பெயின்ட் அடி, அடித்து முடித்த இடத்தில் மறுபடி துரு. முன்பக்கத்தில் வேலை செய்தால் குமட்டல் தாங்காது. காய்ந்த ரஸ்க்கைக் கடித்துக்கொண்டு அடிவானத்தைப் பார் என்றார்கள், பார்த்தேன், அடிவானமும் ஆடியது.

அப்புறம் பழகிவிட்டது. எதுவும் பழகும். நாலு மணி நேரம் வேலை எட்டு மணி நேரம் ஓய்வு என்கிற வாட்ச் பழகியது. பன்னிரண்டு நாலு வாட்ச்தான் பிசாசு வாட்ச். ஊர் தூங்குகிற நேரத்தில் எழுந்து போய், இருட்டில், கப்பலை ஓட்டுகிற மேலறையான பிரிட்ஜின் இறக்கையில் நின்று கண்ணுக்கும் காதுக்கும் எட்டுகிறதையெல்லாம் சொல்ல வேண்டும். மேற்கே போகும்போது கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினால் ஒரு மணி நேரத் தூக்கம் கூடும். அதற்கே அத்தனை பேர் முகத்திலும் ஒரு பொங்கல் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. பண்டாரி என்றால் சமையல்காரர், கசாப் என்றால் ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவர், சாரங்கு என்றால் மேல்தள ஆட்களுக்கெல்லாம் தலைவர், ஆங்கிலத்தில் போசன். பாய்மரக் காலத்து லஸ்கர்கள் விட்டுப்போன பேச்சு இன்னும் கப்பலில் புழங்குகிறது. கிரேனைப் பார்த்து "ஹபேஸ்" என்றால் தூக்கு, "ஆரியா" என்றால் இறக்கு. இது எந்த மொழி என்று முதல் மாதம் முழுக்க யோசித்தேன்.

## இங்கன வா

எங்கள் சாரங்கு தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். தோணியில் தொடங்கியவர். கப்பலின் முன்பக்கத்தை அணியம் என்றும் பின்பக்கத்தை அமரம் என்றும்தான் சொல்வார், ஃபோர்வர்ட், ஆஃப்ட் எல்லாம் ஆபீசர்கள் எதிரே மட்டும். அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். பேச்சு குறைவு. பயிற்சி நிலையத்து மிடுக்கில் முதல் வாரம் அவருக்கு எதிரே ஒற்றைக் கையில் போலைன் போட்டுக் காட்டினேன். பார்த்தார். "நல்லாருக்கு" என்றார். கிரீஸ் டின்னைத் தூக்கிக்கொண்டு பின்னால் வரச் சொன்னார்.

அவர் என்னிடம் அதிகம் சொன்ன இரண்டு வார்த்தை "இங்கன வா" என்பதுதான். ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்வார். ஓடிப் போனால் ஒன்றும் பெரிய வேலை இருக்காது. டார்ச்சைப் பிடி என்பார். தொப்பியை வைத்துக்கொள் என்பார். சில சமயம் எதுவுமே சொல்ல மாட்டார், பக்கத்தில் நிற்க வைத்துக்கொள்வார். என்னை எடுபிடியாக வைத்திருக்கிறார் என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். பத்தாவதில் நானூற்றுக்கு மேல் வாங்கியவன், தொப்பி தூக்குகிறேன்.

மூன்றாவது மாதம், தென்னாப்பிரிக்கக் கரையில் ஒரு நிலக்கரித் துறைமுகம். கப்பலைக் கரையோடு கயிற்றால் கட்டி முடித்து, சரக்கு ஏற்றுவது நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் வெளிக்கடலின் நீண்ட அலை துறைமுகத்துக்குள்ளேயே வந்து கப்பலை முன்னும் பின்னுமாக அசைக்கிறது. பார்த்தால் தெரியாத அசைவு. ஒரு மீட்டர் போகும், ஒரு மீட்டர் வரும். ஆனால் அத்தனை ஆயிரம் டன்னும் ஒரு மீட்டர் போகும்போது கயிறுகள்தான் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். இரவு இரண்டு மணி இருக்கும். கயிறுகளைப் பார்த்து இறுக்கவும் தளர்த்தவும் சாரங்கும் நானும் அணியத்தில் நிற்கிறோம். எங்கள் ஊர்க் குளிர். நான் கயிற்றைச் சுற்றி இழுக்கிற வின்ச்சின் கட்டுப்பாட்டுத் தூணில் சாய்ந்துகொண்டு நிற்கிறேன். அது காற்றுக்கு மறைவான இடம். பக்கத்தில் ஒரு ரோலர், கப்பல் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கிற ஸ்பிரிங் கயிறு கரையிலிருந்து வந்து அந்த ரோலரில் திரும்பி வின்ச்சுக்குப் போகிறது.

"ஏலே, இங்கன வா."

வழக்கம்போல எரிச்சலோடு போனேன். நங்கூரம் தூக்குகிற வின்ட்லாஸுக்கு அந்தப் பக்கம். டார்ச்சைக் கையில் கொடுத்தார். அணைந்திருந்த டார்ச். கொஞ்ச நேரம் சும்மா நின்றோம். பிறகு அபூர்வமாக ஒரு கேள்வி கேட்டார்.

"ஒங்க ஊர்ல குளிர் எம்புட்டு இருக்கும்லே?"

மார்கழியில் புல்லில் உறைபனி விழும் என்று சொல்ல ஆரம்பித்தேன். புல்லின் நுனியில் உப்பு தூவின மாதிரி இருக்கும், காலையில் வெறுங்காலோடு மிதித்தால் சுடும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சத்தம் வந்தது. துப்பாக்கி மாதிரி என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. பெரிய தகரக் கூரை ஒன்றை ஒரே ஆள் ஒரே மூச்சில் கிழித்த மாதிரி இருந்தது. அதற்குப் பின்னால்தான் எதையோ அடித்த ஓசை. அப்புறம் பிளாஸ்டிக் தீய்ந்த வாடை. ஸ்பிரிங் அறுந்துவிட்டது. கரைப்பக்கம் அறுந்து, இந்தப் பக்கத்து முனை ரோலரைச் சுற்றிச் சாட்டையாக வந்து, நான் சாய்ந்திருந்த தூணை அடித்திருக்கிறது. எஃகுக் கைப்பிடி வளைந்து வின்ச் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. தூணின் பெயின்ட் இடுப்பு உயரத்தில் ஒரு முழத்துக்குக் காணாமல் போயிருந்தது. அந்தப் பெயின்ட்டை அடித்தவனும் நான்தான், முந்தின வாரம்.

அண்ணாச்சி வாக்கி டாக்கியில் பிரிட்ஜைக் கூப்பிட்டு ஃபோர்வர்ட் ஸ்பிரிங் போய்விட்டது, ஆள் யாருக்கும் ஒன்றுமில்லை என்று சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். என் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"டார்ச்சப் போடு" என்றார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். கயிறு அறப்போகிறது என்று எப்படி அண்ணாச்சி தெரிந்தது? முனகியதா? நாறியதா? அவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "கயிறு சொல்லிட்டு அறாது. எனக்கென்ன தெரியும். நீ நின்ன எடம் சரியில்ல, அம்புட்டுதாம்."

நாள் முழுக்க அந்தப் பதிலை மென்றுகொண்டிருந்தேன். அன்று இரவு பங்க்கில் படுத்துக்கொண்டு, மூன்று மாதமாக அவர் "இங்கன வா" என்று கூப்பிட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். கிரேனின் கொக்கி தொங்கிய நேரம். சரக்கறையின் ஹேட்ச் மூடி நகர்ந்த நேரம். டக் என்கிற இழுவைப் படகைக் கட்டும்போது, டெக்கில் சுருண்டு கிடந்த கயிற்று வளையத்துக்குள் என் கால் இருந்த ஒரு நேரம். அந்த ஒவ்வொரு முறையும் ஒன்றும் நடக்கவில்லை. அதனால்தான் எனக்குத் தெரியவில்லை. அறுந்தது ஒரே ஒரு கயிறு. நான் நகர்த்தப்பட்டது எத்தனை முறை என்று கணக்கே கிடையாது. அந்த ஒரு கயிறும் அறுந்திருக்காவிட்டால், அவரை இன்றைக்கும் தொப்பி தூக்கவிட்ட கிழவன் என்றுதான் எழுதிக்கொண்டிருப்பேன்.

## மஞ்சள் கோடு

கயிற்றைப் பற்றிக் கொஞ்சம். நைலான் அறுவதற்கு முன்னால் தன் நீளத்தில் கால் பங்குக்கு மேல் நீளும். நீண்டதெல்லாம் உள்ளே சேர்த்து வைத்திருக்கிற வேகம். அறுந்த நொடியில் அத்தனையும் திரும்பி வரும். நேர்க்கோட்டில்தான் வரும் என்றும் இல்லை. நடுவில் ரோலர், கட்டை என்று எதிலாவது திரும்பியிருந்தால் அதைச் சுற்றி விசிறியடித்துக்கொண்டு வரும். முடிச்சு போட்ட இடத்தில் கயிற்றின் பலத்தில் ஒரு பெரும்பங்கு ஏற்கெனவே போயிருக்கும். லாரித் தார்ப்பாய்க் கயிறு வெயிலில் கிடந்து கிடந்து எவ்வளவு இற்றுப்போயிருக்கும் என்பதை யாரும் பார்ப்பதில்லை. அன்றைக்கு ஜீப்புக்குப் பின்னால் கட்டியது இந்தச் சரக்குதான்.

முன்பெல்லாம் கயிறு அறுந்தால் அடிக்கக்கூடிய இடங்களைக் கப்பலின் தளத்தில் மஞ்சள் கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். என் முதல் கப்பலிலும் இருந்தது. நான் சாய்ந்திருந்த தூண் கோட்டுக்கு வெளியே இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது பிரிட்டன் வெளியிடுகிற கப்பலாளிகளுக்கான பாதுகாப்புக் கையேட்டில் அந்தக் கோடே வேண்டாம் என்கிறார்கள். கோட்டுக்கு வெளியே நின்றால் பத்திரம் என்று ஆட்கள் நினைத்துவிடுகிறார்கள். கயிறு கட்டுகிற இடம் முழுவதுமே ஆபத்தான இடம் என்று எடுத்துக்கொள் என்கிறார்கள். 2024 ஜனவரியிலிருந்து கயிறுகளைப் பரிசோதிப்பது, பதிவு வைப்பது, தேய்ந்ததைத் தள்ளுவது பற்றியெல்லாம் சோலாஸ் என்கிற உலகக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் விதிகள் இன்னும் கடுமையாகிவிட்டன. நல்லதுதான். ஆனால் விதி கயிற்றைப் பார்த்துக்கொள்ளும். வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறவனை யாராவது கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

முடிச்சுக்குப் பரீட்சை வைக்கலாம். போட்டானா, போடவில்லையா. எங்கே நிற்கிறான் என்பதற்கு யார் மதிப்பெண் போடுவது? சரியான இடத்தில் நிற்பவன் சும்மா நிற்பவன் மாதிரியேதான் இருப்பான். இந்த ஒரு விஷயத்தில் பயிற்சி நிலையங்கள் மேல் எனக்குக் குறை உண்டு. நான் படித்ததும் அப்படித்தான், இன்றைக்கு ஏறி வருகிற பிள்ளைகளும் அப்படித்தான். முடிச்சு மணியாகப் போடுவான், போட்டுவிட்டு அந்தக் கயிற்றுக்கு மேலேயே நிற்பான்.

ஆனால் பையனைக் குறை சொல்லும்போது ஒன்று உறுத்துகிறது. இந்தப் பாடம் எனக்குக் கடலில்தான் கிடைத்தது என்று இத்தனை வருடமாகச் சொல்லி வந்திருக்கிறேன். உண்மையில் கோத்தகிரியில் பிறந்த எவனுக்கும் இது பாலோடு வந்ததுதான். மேட்டில் ஆள் கவாத்து வெட்டும்போது நேர் கீழே நின்று கொழுந்து எடுக்கக் கூடாது என்று அம்மா இழுத்துவிடுவாள். காட்டெருமை ரோட்டைக் கடந்தால் வண்டியை எங்கே நிறுத்துவது என்பது, எருமையைப் பார்ப்பதற்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும், ஹேர்பின்னுக்கு முன்னால் ஹாரன் அடிக்க வேண்டும். கடலில் மூடுபனி விழுந்து, ஓடுகிற கப்பல் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறையாவது நீளமாக ஹாரன் அடிக்க வேண்டும் என்று விதியைப் படித்தபோது, மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ் ஓட்டுகிற சித்தப்பா ஞாபகம்தான் வந்தது. மழைக்காலத்தில் பின்சுவர்ப் பக்கம் படுக்க விடமாட்டார்கள். லைனுக்குப் பின்னால் மண்திட்டு. எத்தனையோ ஐப்பசி கார்த்திகை நாங்கள் ஏழு பேர் முன்னறையில் ஒருவர் மேல் ஒருவராகப் படுத்து எழுந்திருக்கிறோம். 2009 நவம்பரில் நீலகிரி முழுக்க மண் சரிந்து அத்தனை உயிர் போனது. அப்போதும் எங்கள் திட்டு சரியவில்லை. அடுத்த வருடமும் முன்னறையில்தான் படுத்தோம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

## நடுவுல உக்காரு

மரம் விழுந்து ஒரு வாரம் கழித்துப் பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிப் பார்த்தேன். ரோலர், சாட்டை, வளைந்த கைப்பிடி எல்லாம். சிமென்ட் தரையில் கரித்துண்டால் படம்கூடப் போட்டேன். ஆர்வமாகக் கேட்டான். கடைசியில், "அதாண்ணே, கயிறு நல்ல கயிறா இருந்தா போதும்ல?" என்றான். கொழுந்து எடை போடுகிற கொட்டகைக்குக் கூட்டிப் போய், லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது எங்கே நிற்பாய், மூட்டை இறக்கும்போது எங்கே நிற்பாய் என்று கேட்டேன். இரண்டாம் நாளே சலித்துவிட்டது. "நிக்கிறதுல கத்துக்க என்னண்ணே இருக்கு?" அவன் கேட்டது நியாயம்தான். நானும் அண்ணாச்சியிடம் பாடமாகக் கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

இதையெல்லாம் திண்ணையில் குந்தியிருந்த அப்பாயி கேட்டுக்கொண்டிருந்தது. அப்பாயிக்கு எண்பது தாண்டிவிட்டது, காது பாதி. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் கப்பலேறிய ஒரே ஆள் அதுதான். 1974இல் சிலோன் தோட்டத்திலிருந்து ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம். கையில் ஒரு தகரப்பெட்டி, இடுப்பில் என் அப்பா. ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு வர நடுவில் இந்தக் கடல். சில மணி நேரப் பயணம்தான், ஆனால் அப்பாயி அதை ஒரு யுகமாகச் சொல்லும். கரை தெரிகிறதா என்று பார்க்க முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்களாம், லயத்து ஜனம் மொத்தமும். ஏறி இறங்கி ஏறி இறங்கி, குடல் வெளியே வந்துவிட்டதாம். கப்பல்காரப் பையன் ஒருவன் வந்து, "யம்மா, பிள்ளையத் தூக்கிட்டு நடுவுல வந்து உக்காரு, கீழ உக்காரு" என்று கூட்டிப்போய் உட்கார வைத்தானாம். வாந்தி நின்றுவிட்டதாம்.

இந்தக் கதையை நூறு முறை கேட்டிருக்கிறேன். எப்போதும் அது வாந்திக் கதைதான், சொல்லிச் சிரிக்கிற கதை. கப்பல் சீசா மாதிரி, நுனிகள்தான் அதிகம் ஏறி இறங்கும், நடுவில், தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில் ஆட்டம் குறைவு என்பது நான் சம்பளம் வாங்கிக்கொண்டு கற்றுக்கொண்ட விஷயம். யாரோ ஒரு கலாசி என் அப்பாயியை "இங்கன வா" என்று கூப்பிட்டிருக்கிறான். அது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அப்பாயி பையனைப் பக்கத்தில் கூப்பிட்டு, "கப்பல்ல ஏறுனா எங்கடா உக்காருவ?" என்று கேட்டது. பையன் என்னைப் பார்த்தான். "கப்பல்ல உக்கார வுடமாட்டாங்க அப்பாயி, வேல இருக்கும்" என்றான். அப்பாயிக்குப் பாதிதான் கேட்டிருக்கும். "நடுவுல போயி உக்காரு" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டது.

போன வாரம் அவனுக்குப் பயிற்சி நிலையத்தில் சேரத் தேதி வந்தது. காலை முதல் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் போய் அங்கிருந்து ரயில். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் ஆளை அறியாத மூடுபனி. அவன் அம்மா, அப்பா, நான், கூட்டாளிகள் நாலு பேர். பெட்டியை ஒரு நைலான் கயிற்றால் சுற்றி, மேலே போலைன் போட்டுக் கைப்பிடி மாதிரி வைத்திருந்தான். அவன் அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தையும் பாலித்தீன் கவர் ஒன்றையும் கையில் திணித்தாள். மலை இறங்குகிற பஸ்ஸில் பின்சீட்டில் உட்கார்ந்தால் மூன்றாவது ஹேர்பின்னுக்குள் என்ன ஆகும் என்பது இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். "நடுவுல எடம் புடி" என்று நானும் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே ஏறினான்.

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் திரும்பும்போது பார்த்தேன். கடைசி சீட்டு, ஜன்னலோரம். தோள் வரைக்கும் வெளியே நீட்டி, இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தான்.